பணயம் யாருடையது? ஜனாதிபதித் தேர்தல் வியூகங்கள் குறித்து

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது இலங்கை நாட்டின் ஜனாதிபதித் தேர்தல்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் வென்றவரின் நல்ல காலத்தையோ, தோற்றவரின் சோதிடரையோ, ஏதாவதொரு தூதரகத்தின் மறைமுகக் கையையோ காரணமாகக் காட்டிவிட்டு அத்துடன் நின்றுவிடுகின்றன. உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நீண்டகாலம் அரசறிவியல் கற்பித்தவன் என்ற வகையில் இது எனக்குப் பெரும் மனக்குறையாக இருக்கிறது. வேட்பாளரோ கட்சியோ துணிந்து எடுக்கும் ஒரு முடிவை வாக்கு எண்ணிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் அளந்து பார்க்கலாம். அந்த முடிவு பிழைத்துப்போனால் இழப்பு யார் தலையில் விழும் என்பதையும் முன்கூட்டியே கேட்கலாம். இந்த இரண்டாவது கேள்வியைத் தமிழ் வாக்காளர்களாகிய நாம் போதியளவு கேட்கவில்லை என்பதே என் எண்ணம். அதைச் சற்று விரிவாக எழுத இடந்தர வேண்டுகிறேன்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகளுக்குள்ளேயே, பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு வேறெந்த வேட்பாளருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டாக்கப்பட்டது. 1982 ஓகஸ்டில் நிறைவேற்றப்பட்ட மூன்றாவது திருத்தத்தின்படி, முதற் பதவிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் கழிந்தபின் அவர் தாம் விரும்பும் வேளையில் தேர்தலை அழைக்கலாம். ஜே. ஆர். ஜயவர்தன அந்த ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதியே அதைப் பயன்படுத்திக்கொண்டார். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980 இல் பறிக்கப்பட்டிருந்தமையால் சுதந்திரக் கட்சி ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்த வேண்டியதாயிற்று. ஜயவர்தன 52.91 வீத வாக்குகளைப் பெற்றார். எதிராளியின் கைகளைக் கட்டிய பின்னர் இறங்கிய களத்தில் துணிவு என்று சொல்ல அதிகம் இல்லை. 1999 இல் சந்திரிகா குமாரதுங்கவும், போர் முடிந்த சூட்டோடு 2010 ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷவும் இதே வழியில் காலத்துக்கு முந்தித் தேர்தலை அழைத்து வென்றார்கள். சந்திரிகாவுக்கு அதன் விலை பிந்தி வந்தது. முற்கூட்டித் தேர்தல் நடத்தியதால் விட்டுக்கொடுத்த ஓராண்டு பின்னர் தமக்குச் சேரும் என்று அவர் கருதியிருந்தார். ஆனால் இரண்டாவது பதவிக்காலம் 1999 இலேயே தொடங்கிவிட்டது என்று உயர் நீதிமன்றம் 2005 ஓகஸ்டில் தீர்ப்பளித்ததால், 2005 நவம்பரிலேயே தேர்தல் வந்துவிட்டது.

ஆகவே 2014 நவம்பர் 20 ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ மூன்றாம் முறை போட்டியிடுவதற்கான பிரகடனத்தில் ஒப்பமிட்டபோது, அவருக்கு முன்னால் மூன்று வெற்றிகளின் அனுபவம் இருந்தது. அவருடைய பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. 2010 செப்டெம்பரில் கொண்டுவந்த 18 ஆவது திருத்தம் இரு தவணை வரம்பை நீக்கியிருந்தது. அப்படியிருக்க ஏன் அவசரப்பட்டார்? சோதிடர் குறித்த நாள் என்ற பதில் நம்மிடையே மிகவும் பரவியிருக்கிறது. சோதிடர் நாள் குறித்தது உண்மைதான்; ஆயினும் நாள் குறிப்பதற்கு முன்பே கணக்குப் பார்க்கப்பட்டிருந்தது என்பதே என் துணிபு. 2014 செப்டெம்பர் 20 இல் நடந்த ஊவா மாகாண சபைத் தேர்தலில் அவருடைய கூட்டமைப்பு வென்றபோதிலும், 2009 இல் 72 வீதமாக இருந்த அதன் வாக்கு ஏறத்தாழ 51 வீதமாகக் குறைந்துவிட்டது. ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை பணித்த விசாரணையின் அறிக்கை 2015 மார்ச்சில் வரவிருந்தது. வாழ்க்கைச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. காத்திருந்தால் நிலைமை இறங்கும், இப்போதே போனால் எதிர்க்கட்சியிடம் ஆள் இல்லை என்று ஒரு தேர்ந்த அரசியல்வாதி எண்ணியதில் பிழையில்லை. எதிர்க்கட்சி ரணில் விக்கிரமசிங்கவையே நிறுத்தும், 1999 இலும் 2005 இலும் தோற்றவரை மீண்டும் தோற்கடிக்கலாம் என்று கருதிய இடத்தில்தான் பிழை இருந்தது.

எதிரணியினரின் வியூகம் முழுவதும் அந்தப் பிழையான எண்ணத்தைக் கடைசி மணி நேரம் வரை காப்பாற்றி வைப்பதிலேயே தங்கியிருந்தது. பிரகடனம் வெளிவரும் முன்னர் மைத்திரிபால சிறிசேனவின் பெயர் கசிந்திருந்தால் தேர்தலே தள்ளிப்போயிருக்கும். பிரகடனம் வெளிவந்த பின்னர் திரும்பிப் போக வழியில்லை. சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளரும் சுகாதார அமைச்சருமாக இருந்த அவர், முந்தைய இரவு ஜனாதிபதியோடு அப்பம் உண்டுவிட்டு, மறுநாள், நவம்பர் 21 ஆம் திகதி, பொது வேட்பாளராக வெளிவந்தார். அந்த அப்பத்தைப் பற்றி நாடே பேசியது. நாளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஒரு நாள் முந்தியிருந்தாலும் பயனற்றுப் போயிருக்கக்கூடிய முடிவு அது.

அந்த முடிவில் அவர் பணயம் வைத்தது எதை என்பதையும் பார்க்கவேண்டும். 2010 இல் மஹிந்தவை எதிர்த்து நின்று 40.15 வீத வாக்குகளைப் பெற்ற சரத் பொன்சேகா, தேர்தல் முடிந்து இரண்டு வாரம் ஆகுமுன்னர் இராணுவத்தினரால் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் சிறையில் அடைக்கப்பட்டார். போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே அந்தக் கதி என்றால், சொந்தக் கட்சியை விட்டு வந்த ஓர் அமைச்சருக்கு என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. தோற்றிருந்தால் தாம் ஆறடி மண்ணுக்குள் போயிருப்பார் என்று மைத்திரிபாலவே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பிற்கால ஆட்சியைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயங்கள் உண்டு. எனினும் அந்த நவம்பர் மாதத்தில் அவர் தம்முடைய உயிரையும் குடும்பத்தையும் முன்னே வைத்தே இறங்கினார் என்பதை மறுப்பது நேர்மையாகாது.

துணிவு மட்டும் போதியிருக்காது. பொலன்னறுவையின் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், சிங்களக் கிராமப்புறத்துக்கு அந்நியமாகத் தோன்றாதவர் என்பதற்காகவே அவர் தெரிவுசெய்யப்பட்டார். ரணில் விக்கிரமசிங்க தாம் ஒதுங்கிக்கொண்டு பிரதமர் பதவிக்கான உறுதியோடு அமைந்தார். மக்கள் விடுதலை முன்னணி வேட்பாளரை நிறுத்தாமலும் கூட்டணியில் சேராமலும் ஆட்சிக்கு எதிராகத் தனியே பிரசாரம் செய்தது. அதற்கு முன்பே அரசிலிருந்து விலகிய சிங்கள தேசியவாதக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய தென்னிலங்கையில் தேசியவாதச் சாட்டுக்கு இடமில்லாமல் செய்தது. ரிஷாட் பதியுதீனின் கட்சியும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் டிசெம்பரின் கடைசி நாட்களில் அரசை விட்டு வெளியேறின. மலையகத்தில் திகாம்பரம், இராதாகிருஷ்ணன் ஆகியோரும் வந்து சேர்ந்தனர்.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டிசெம்பர் 30 ஆம் திகதி வரை, அதாவது 2015 ஜனவரி வாக்களிப்புக்கு ஒன்பது நாட்கள் இருக்கும்வரை, தன் முடிவை அறிவிக்கவில்லை. அந்தத் தாமதத்தை அன்று பலர் தடுமாற்றம் என்று குறைகூறினர். நான் அதை அந்தத் தேர்தலின் மிகக் கவனமான செயல்களுள் ஒன்றாகக் கருதுகிறேன். 2010 ஜனவரியில் கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரித்ததும், இருவருக்கும் இரகசிய உடன்படிக்கை இருக்கிறது என்ற பிரசாரம் தெற்கில் தீயாய்ப் பரவியதையும், வடக்கிலோ யாழ்ப்பாண மாவட்டத்தில் நால்வரில் ஒருவரளவே வாக்களித்ததையும் கூட்டமைப்பின் தலைவர்கள் மறந்திருக்கவில்லை. இந்த முறை எழுத்தில் எதையும் கேட்காமல், மேடையில் அதிகம் தோன்றாமல், கடைசியில் ஒரே குரலாக வாக்களிக்கச் சொன்னார்கள். அறியாத தேவதையைவிட அறிந்த பிசாசு மேல் என்ற கருத்தில் ஜனாதிபதி மஹிந்த யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசியும் பயனிருக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 66 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். அவற்றில் 74 வீதம் மைத்திரிபாலவுக்கு விழுந்தது.

எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். நாடு முழுவதும் மைத்திரிபால பெற்றது 6,217,162 வாக்குகள். மஹிந்த பெற்றது 5,768,090. வித்தியாசம் 449,072. வடக்கு, கிழக்கின் ஐந்து தேர்தல் மாவட்டங்களில் மட்டும் மைத்திரிபாலவுக்கு மஹிந்தவைவிட 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகக் கிடைத்தன. இதைக் காட்டி, அவரை ஜனாதிபதியாக்கியது நாமே என்று நம்மவர்கள் பெருமைப்பட்டார்கள். அந்தப் பெருமையில் ஒரு பகுதி நியாயம். மீதிப் பகுதியை 2019 நவம்பர் 16 ஆம் திகதி உடைத்துவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் வாக்குகள் பெருவாரியாக சஜித் பிரேமதாசவுக்குக் கிடைத்தும், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரான அச்சத்தின் மீது சிங்கள வாக்குகளை ஒருமுகப்படுத்திய கோட்டாபய ராஜபக்ஷ 13 இலட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தென்னிலங்கை வாக்கு ஏறத்தாழச் சமமாகப் பிளவுபடும்போது மட்டுமே நமது வாக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே பிளவு எவ்வளவு என்பதை அறியாமல் வகுக்கப்படும் எந்தத் தமிழ் வியூகமும் வெறும் விருப்பமாகவே இருக்கும்.

அப்படிப் பிளவு மிக நெருக்கமாக இருந்த ஒரு தேர்தலில்தான் நாம் வீட்டில் இருத்தப்பட்டோம். 2005 நவம்பர் 17 ஆம் திகதித் தேர்தலைப் பற்றி எழுதும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. மஹிந்த ராஜபக்ஷ 4,887,152 வாக்குகளைப் பெற்றார். ரணில் விக்கிரமசிங்க 4,706,366. இடைவெளி 180,786. மஹிந்தவுக்குக் கிடைத்தது 50.29 வீதம். பிற வேட்பாளர்களுக்கு மேலும் 60 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகள் விழுந்திருந்தாலே அவர் பாதியைத் தாண்டியிருக்கமாட்டார், விருப்பு வாக்குகளை, அதாவது வாக்காளர் குறித்த இரண்டாம் மூன்றாம் தெரிவுகளை, எண்ணவேண்டி வந்திருக்கும். அன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில் ஏறத்தாழ 7 இலட்சம் பெயர்கள் இருந்தன. புலம்பெயர்ந்தோரையும் இறந்தோரையும் கழித்தாலும் சில இலட்சம் பேர் வாக்களிக்கக்கூடிய நிலையில் இருந்தனர். வாக்களித்தவர்கள் 1.21 வீதம். வன்னியில் மூன்றில் ஒரு பங்களவு.

இந்தத் தேர்தலில் தமிழர்களுக்கு அக்கறையில்லை என்ற அறிவிப்பு விடுதலைப் புலிகளிடமிருந்தும் அவர்களைச் சார்ந்த அமைப்புகளிடமிருந்தும் வாக்களிப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்னர் வந்தது. அறிவிப்பைத் தொடர்ந்து வாக்களிக்கப் போவது தனி மனிதரின் தெரிவாக இருக்கவில்லை. யார் வந்தாலும் ஒன்றுதான், கடும்போக்காளர் வந்தால் உலகம் உண்மையைப் புரிந்துகொள்ளும் என்ற வாதத்தை அக்காலத்தில் படித்தவர்களிடமிருந்தும் நான் கேட்டிருக்கிறேன். அதுவும் ஒரு வியூகந்தான். ஆனால் அதில் பணயம் வைக்கப்பட்டது வாக்குச் சாவடிக்குப் போக விடப்படாத குடும்பங்களின் எதிர்காலம். ரணில் வென்றிருந்தால் போர் வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன்; 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையை அவர் எத்தனை காலம் தாங்கியிருப்பார் என்பதும் விவாதத்துக்குரியது. போர்நிறுத்தத்தை மீளாய்வு செய்வதாகவும் ஒற்றையாட்சியைக் காப்பதாகவும் மக்கள் விடுதலை முன்னணியோடும் ஜாதிக ஹெல உறுமயவோடும் உடன்பாடு கண்ட வேட்பாளர் வென்றதும், அடுத்த ஆண்டே போர் மூண்டதும், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அது முடிந்ததும் நிகழ்ந்தவை. அந்த இழப்பைச் சுமந்தவர்களிடம் 2005 இல் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை.

ரணில் விக்கிரமசிங்கவின் பக்கத்திலும் ஒரு பாடம் உண்டு. வடக்கு, கிழக்கு வாக்குகள் தாமாகவே தமக்கு வந்துசேரும் என்ற நம்பிக்கையில் அவருடைய பிரசாரம் கட்டப்பட்டிருந்தது. வந்துசேராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் மாற்றுவழி இருக்கவில்லை. அவருடைய எதிராளியோ தம் சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்புகள் எழுந்தபோதும், தெற்கில் கிடைக்கக்கூடிய ஒவ்வொரு வாக்கையும் தேடிப்போனார்.

2015 தேர்தலில் கூட்டமைப்பு எடுத்த முடிவிலும் இழப்பு யாருக்கு என்ற கேள்வி உண்டு. தேசியப் பிரச்சினையைப் பற்றி மேடையில் பேசாமல் இருப்பதே பொது வேட்பாளரின் கூட்டணி உடையாமல் இருப்பதற்கான நிபந்தனையாக இருந்தது. அந்த மௌனத்துக்கான விலையைப் பின்னர் தமிழ் மக்களே கொடுத்தார்கள். வலிகாமம் வடக்கிலும் சம்பூரிலும் ஒரு பகுதி நிலம் திரும்பக் கிடைத்தது. 19 ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தை ஓரளவு குறைத்தது. புதிய அரசியலமைப்பு வரவேயில்லை. 2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி அதே மைத்திரிபால, மஹிந்தவையே பிரதமராக நியமித்தார். இவ்வளவு தெரிந்த பின்னரும் 2015 முடிவைச் சரியென்றே சொல்வேன். மக்கள் வாக்களிக்கலாம், மறுக்கலாம் என்ற நிலையில் கேட்கப்பட்டது. தோற்றிருந்தால் முதலில் பழி சுமந்திருப்பவர்கள் அதைக் கேட்ட தலைவர்கள்.

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதித் தேர்தல் வேறொரு வகையான துணிவைக் காட்டியது. 2019 இல் 3.16 வீத வாக்குகளை மட்டும் பெற்ற அநுர குமார திசாநாயக்க, எந்தப் பெரிய கட்சியோடும் சேராமல் தனித்தே நின்று 42.31 வீதத்தை எட்டினார். நீண்டகாலம் தோற்கத் தயாராக இருப்பதும் ஒரு வியூகமே என்பதை அந்த ஐந்து ஆண்டுகள் காட்டுகின்றன. யாரும் பாதியைத் தாண்டாததால் நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. போட்டியிலிருந்து நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு 33 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்திருந்தனர். அவர்களுடைய சீட்டுகளிலிருந்து முதலிருவருக்குச் சேர்ந்தவை 273,131 மட்டுமே: அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867. எஞ்சிய 30 இலட்சம் சீட்டுகள் இறுதித் தீர்மானத்தில் எந்தப் பங்கும் வகிக்கவில்லை.

அந்தத் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகளைப் பெற்றார். அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியோ சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. கட்சிக்குள்ளேயே இரு அணிகள் நின்றன. பொது வேட்பாளர் என்ற எண்ணத்தை ஆதரிப்பவர்களையும் எதிர்ப்பவர்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரு தரப்பும் பயன்படுத்தியிருக்கக்கூடிய ஒரு வழி இருந்தது. முதல் வாக்கைத் தன் அடையாளத்துக்கும் இரண்டாம் வாக்கை வெல்லக்கூடிய ஒருவருக்கும் கொடுத்திருந்தால், வாக்காளர் எதையும் இழக்காமல் இரண்டையும் பெற்றிருக்கலாம். பணயம் எதுவும் வைக்கத் தேவையில்லாத வியூகம் சட்டத்திலேயே இருந்தது. நான் சென்ற கூட்டங்களில் அதை விளங்கும்படி எடுத்துச் சொன்னவர்களைக் காண்பது அரிதாகவே இருந்தது. இரண்டாம் வாக்கைக் கேட்பது தன் பலவீனத்தைக் காட்டிவிடும் என்று பேச்சாளர்கள் அஞ்சியதாகவே எனக்குத் தோன்றியது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029 இல் வருமானால், வேட்புமனுத் தாக்கல் முடிந்த நாளிலிருந்தே தங்கள் பத்திரிகையில் மாதிரி வாக்குச் சீட்டு ஒன்றை அச்சிட்டு, தனியே ஒரு புள்ளடி இட்டால் அது முதலாம் வாக்காக மட்டுமே எண்ணப்படும் என்பதையும், இரண்டாம் மூன்றாம் விருப்புகளைத் தெரிவிக்க 1, 2, 3 என்ற இலக்கங்களை இடவேண்டும் என்பதையும், ஒருவர் பாதியைத் தாண்டாவிட்டால் அவை எவ்வாறு எண்ணப்படும் என்பதையும் படத்தோடு வெளியிடுங்கள். பகிஷ்கரிப்பையோ ஆதரவையோ பொது வேட்பாளரையோ முன்வைக்கும் ஒவ்வொரு தலைவரிடமும் தங்கள் செய்தியாளர்கள், இது பிழைத்தால் யார் எதை இழப்பார்கள் என்ற கேள்வியைக் கேட்டு, கிடைக்கும் பதிலை அவருடைய பெயரோடு அச்சிடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரசறிவியல் ஆசிரியர்,
சுன்னாகம்.